கரிக்குச்சியும் ஒரு நடவுப் பாட்டும்

எங்கள் ஓவிய நண்பர் ஒரு பாடலுக்கு அசைவூட்டப்படம் செய்து முடித்திருக்கிறார். நான்கு நிமிடம் இருபது விநாடி ஓடுகிற பாடல். ஆடியில் தொடங்கிய வேலை மார்கழி பாதியில் நிறைவுற்றது. அதைப் பாராட்டி எழுதுவது எங்கள் நோக்கமன்று. நண்பர் என்பதால் எங்கள் பாராட்டு எடுபடவும் செய்யாது. அந்த ஆறு மாதத்தின் நடுவே, ஒரு முகத்தை வரைவதா வேண்டாமா என்றொரு வழக்கு எழுந்தது. தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நாங்களும் அதில் ஒரு கட்சியாக நிற்க நேர்ந்தது. அதை மறப்பதற்குள் எழுதிவைக்க விரும்புகிறோம்.

நாங்கள் என்பது திருநெல்வேலியில் மாதம் ஒருமுறை கூடி, படித்ததைப் பற்றிப் பேசிக் கலையும் ஐந்து பேர். எங்களில் மூவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பது தொழில். ஓவிய நண்பர் ஆறாமவர். கூட்டத்துக்கு வருவார், தேநீர் குடிப்பார், நாங்கள் பேசுவதைத் தம் குறிப்பேட்டில் கோடுகளாக இழுத்துக்கொண்டிருப்பார். இளமையில் கடைப் பலகைகளும் சுவர் விளம்பரங்களும் எழுதிப் பிழைத்தவர். டிஜிட்டல் பேனர்கள் வந்து அந்தத் தொழிலை நகரம் நகரமாகத் துடைத்தெடுத்தபோது அவருடைய தூரிகைக்கும் வேலை போயிற்று. பிறகு ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். எழுத்தின் வளைவை ஒரே மூச்சில் இழுக்கும் கை மட்டும் அவரிடம் அப்படியே தங்கிவிட்டது.

பாடகி சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர்க்காரர். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரு போகம் விளைகிற வயல்களில் அவருடைய தாயார் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் நடவு நட்டவர், 2009இல் காலமானார். அவர் வயலில் பாடிய மெட்டொன்றை எடுத்து, சொற்களைப் புதிதாக எழுதி, ஒற்றை உறுமியின் துணையோடு பாடியிருக்கிறார் மகள். குரலில் அலங்காரமே இல்லை. முதல்முறை கேட்டபோது, இதற்குப் படம் எதற்கு என்றே எங்களுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் செய்தோம். 'இல்ல சார், எங்கம்மை வேல பாத்தத ஒருத்தரும் பாக்கல. பாட்ட மட்டும் கேட்டா அவ பாடிட்டே இருந்த மாதிரில்லா இருக்கும்' என்றார் பாடகி. அதற்கு மேல் நாங்கள் வாய் திறக்கவில்லை.

அசைவூட்டம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'அனிமேஷன்' என்பதற்கு ஈடாக இச்சொல் இன்று ஓரளவு நிலைபெற்றுவிட்டது. நல்ல சொல்தான். ஆனால் நண்பர் வேலை செய்வதை அருகிருந்து பார்த்த பிறகு, அவர் ஊட்டியது அசைவை விடப் பொறுமையை என்றே எங்களுக்குப் படுகிறது. கணக்கைப் பாருங்கள். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படங்கள் வேண்டும். மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினால் 8 போதும், அசைவு சற்றே தட்டித் தட்டி நடக்கும். நண்பர் எட்டைத் தேர்ந்தார். பாடலின் 260 விநாடிக்கு 2,080 படங்கள். நார்வே நாட்டு 'ஆ-ஹா' குழுவினரின் 'டேக் ஆன் மீ' பாடலுக்கு 1985இல் வெளிவந்த புகழ்பெற்ற பென்சில் படத்தில், நடிகர்களைப் படம்பிடித்து அதன்மேல் கோடிழுத்து வரைந்த சட்டகங்கள் ஏறத்தாழ 3,000 என்றும், அதற்குப் பதினாறு வாரங்கள் ஆயின என்றும் சொல்வார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனம் இருந்தது. நண்பருக்குப் பள்ளி விட்டு வந்த பிறகு மாலை மூன்று மணி நேரம் இருந்தது.

தாளுக்கு ஒரு படம் என்று அவர் வரையவில்லை. தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் வழியைப் பின்பற்றினார். 1989 முதல் கென்ட்ரிட்ஜ் செய்துவரும் கரிப் படங்களில் ஒரு காட்சிக்கு ஒரே தாள்தான். கரியால் வரைந்து, கேமராவில் பதிந்து, அதே தாளில் சிறிது அழித்துச் சிறிது திருத்தி, மீண்டும் பதிவார். கரியை என்னதான் அழித்தாலும் தாளில் ஒரு சாம்பல் நிழல் எஞ்சும். ஆகவே அவர் படத்தில் ஒருவர் தெருவைக் கடந்தால், கடந்துவந்த இடமெல்லாம் மங்கலாய்ப் பின்னால் கிடக்கும். 1994இல் வெளிவந்த 'பெலிக்ஸ் இன் எக்ஸைல்' படத்தில், நிலத்தில் விழுந்து கிடக்கும் மனித உடல்கள் மெல்ல மெல்ல நிலத்துக்குள்ளேயே கரைந்துபோகின்றன. நண்பர் அதைக் கைப்பேசியில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பார்த்து முடித்ததும் 'வயல்ல இப்படித்தான' என்று மட்டும் சொன்னார்.

அவருடைய பின்கட்டு அறை ஆறு மாதம் இருட்டறையாகவே இருந்தது. சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார். மேகம் ஒன்று கடந்தாலும் தாளில் ஒளி மாறி, ஓடவிட்டால் படம் கண்சிமிட்டும். சுவரில் தாள், எதிரே அசையாமல் கட்டப்பட்ட கைப்பேசி, இருபுறமும் இரண்டு விளக்குகள். மின்விசிறி போடக் கூடாது, தாள் துடிக்கும். நெல்லை வெக்கையில் பனியனோடு நின்று, ஒரு கோட்டைத் துடைத்து, ஒரு கோட்டைப் போட்டு, நான்கு அடி பின்னால் வந்து கைப்பேசியைத் தொட்டு, மறுபடி தாளுக்குப் போவார். ஒரு மாலைக்கு இருபத்தைந்து படம் ஆனால் நல்ல நாள். அதாவது பாடலில் மூன்று விநாடி. மின்சாரம் போய்வந்தால் அதுவும் இல்லை.

வரைவதற்கு முன் அவர் செய்த வேலை எங்களுக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. பழைய கணக்குப் பேரேடு ஒன்றை எடுத்து, வரிக்கு ஒரு விநாடி, கட்டத்துக்கு ஒரு படம் என்று கோடு போட்டுக்கொண்டார். எந்தக் கட்டத்தில் உறுமி விழுகிறது, எதில் மூச்சு வாங்குகிறார், எந்த எழுத்து நீள்கிறது என்று பாட்டு முழுவதையும் காதால் அளந்து அதில் எழுதினார். அளபெடையை நாங்கள் வகுப்பில் கரும்பலகையில் விளக்குவோம். ஓர் உயிரெழுத்து பதினொரு கட்டங்களுக்கு நீண்டு கிடப்பதை அந்தப் பேரேட்டில்தான் கண்ணால் கண்டோம்.

முதலில் செய்த ஒரு நிமிடப் படத்தில், உறுமி விழும் ஒவ்வோர் அடிக்கும் கை சேற்றில் இறங்கியது. பார்த்தால் ஏதோ காவலர் அணிவகுப்பு போலிருந்தது. நண்பரும் உதட்டைப் பிதுக்கினார். ஐப்பசியில் பிசான நடவு தொடங்கும்வரை வேலையை நிறுத்திவிட்டுச் சேரன்மகாதேவிப் பக்கம் நான்கு நாள் வரப்பில் போய் உட்கார்ந்தார். நடுகிறவர்கள் முன்னோக்கி அல்ல, பின்னோக்கி நகர்கிறார்கள் என்பதை ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். இடக்கையில் நாற்று முடி, வலக்கை பிரித்து ஊன்ற, கால் சேற்றை உருவிப் பின்னே வைக்கும். அந்த உருவல் தாளத்தில் விழுவதில்லை. தாளத்துக்குச் சற்று முன்பே புறப்பட்டுவிடுகிறது. அசைவைச் சத்தத்துக்கு இரண்டொரு சட்டகம் முந்த வைத்தால்தான் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து தெரியும் என்பது அசைவூட்டக்காரர்கள் பழக்கத்தில் கண்ட வழி. நண்பர் அதை வரப்பில் கற்றுக்கொண்டு வந்தார்.

பாட்டைப் படம் எப்படித் தொடர வேண்டும் என்பதற்கு ஒரே விடை இல்லை. கனடாவில் நார்மன் மெக்லாரனும் ஈவ்லின் லாம்பார்ட்டும் 1949இல் 'பிகான் டல் கேர்' என்ற படத்தைச் செய்தார்கள். ஆஸ்கார் பீட்டர்சனின் ஜாஸ் இசைக்குப் படச்சுருளின் மேலேயே வண்ணம் தீட்டியும் கீறியும் செய்தது. மனிதர் இல்லை, கதை இல்லை. நிறமும் கீறலும் இசையோடு துள்ளும், அவ்வளவே. நேர்மாறான ஒன்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 1974இல் விஜயா முலே இயக்கத்தில் பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா'. தூர்தர்ஷனில் அது அடிக்கடி வந்த நாள்களில் எங்களுக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. வலையோடு பறவைகள் பறந்தபோது பாட்டு முழுவதும் விளங்கிவிட்டது. (அதில் பாடிய சிறுமி சாதனா சர்கம், பின்னாளில் 'அழகி' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றார் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது.) அங்கே சொல் சொல்வதையே படமும் சொல்கிறது, சிறுவர்களுக்கு அது வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கான பாட்டில் அதுவே சுமையாகிவிடும். நிலா என்று பாடும்போது நிலாவையும், கண்ணீர் என்னும்போது கண்ணீரையும் காட்டும் படங்களைத் திரையில் வேண்டிய அளவு பார்த்திருக்கிறோம். கென்ட்ரிட்ஜ் 2014இல் வியன்னா விழாவில் ஷூபர்ட்டின் 'வின்டர்ரைசே' பாடல்கள் இருபத்து நான்குக்கும் படங்களை ஓடவிட்டார். பனியில் தனியே நடக்கும் ஜெர்மானிய இளைஞனின் பாடல்கள் அவை. படங்களில் பலவும் அவருடைய தென்னாப்பிரிக்க உலகிலிருந்து வந்தவை. சொல்லை விட்டு அவ்வளவு தூரம் விலகியும் அவை பாட்டின் துயரத்தை விட்டு விலகவில்லை. எங்களுக்கு இது புதிய செய்தியன்று. உள்ளுறையைத் தொல்காப்பியர் தெய்வம் நீங்கிய கருப்பொருளில் வைத்தார். மீனும் நாரையும் பொய்கையும் தம்பாட்டில் இருக்கும். மனிதரைப் பற்றிய சேதி அவற்றுக்கு அடியில் ஓடும். நண்பர் தொல்காப்பியம் படித்தவரல்லர். ஆனாலும் அவர் தாளில் வரப்பு நண்டும் கொக்கும் நாற்றங்கால் தண்ணீரும் அப்படித்தான் வந்து நின்றன. நடுகிறவர்களின் முதுகு, கை, முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிய சேலை. முகம் மட்டும் எங்கும் இல்லை.

நிற்க. வழக்குக்கு வருவோம்.

நான்காம் கண்ணியில் பாடகி தம் தாயை நேரே விளித்துப் பாடுகிறார். அதுவரை முடிந்த படத்தைக் கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று நண்பர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் பாடகி கேட்டார்.

'அண்ணாச்சி, முதுகு இருக்கு, கை இருக்கு, சேலை இருக்கு. எங்கம்மைக்கு மொகம் எங்க?'

'மொகத்த வரைஞ்சா பாக்கவங்க உங்க அம்மைய மட்டுந்தாம்மா பாப்பாவ. வரையாம விட்டா அவங்கவங்க அம்மையப் பாப்பாவ' என்றார் நண்பர்.

நாங்கள் நண்பரின் கட்சி. எங்களில் ஒருவர் அகத்திணை மரபை எடுத்து விளக்கினார். அன்பின் ஐந்திணையில் தலைவனையோ தலைவியையோ சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது இலக்கணம். பெயர் சொன்னால் அது அந்த ஒருவருடைய கதையாகிவிடும். சொல்லாததால்தான் ஈராயிரம் ஆண்டு கழித்தும் அது நம் கதையாக இருக்கிறது. முகத்தை வரையாமல் விட்டதும் பெயரைச் சொல்லாமல் விட்டதும் ஒன்றுதான் என்றார். நல்ல வாதம். வகுப்பில் சொன்னால் மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

பாடகி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: 'ஒங்க பாட்டுல வாரவங்களுக்குப் பேரு இருந்துச்சு சார். இருந்தத மறைச்சாங்க. எங்கம்மைக்குப் பேரு இருந்ததே வயக்காரவுகளுக்குத் தெரியாது. அறுவது வயசு வரைக்கும் அவ "ஏ பிள்ள"தான். இன்னும் என்னத்த மறைக்கணும்?'

அறை அமைதியானது. விடை சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. அகம் வேறு, புறம் வேறு, புறத்தில் பெயர் சொல்லலாம் என்று ஒருவர் தொடங்கினார். தொடங்கியவர் பாதியில் நின்றார். புறப்பாட்டில் பாடப்படும் தலைவனுக்குப் பெயர் உண்டு, பாடிய புலவருக்குப் பெயர் உண்டு. அவ்வயல்களில் வேலை செய்யும் கடைசியரும் அப்பாட்டுகளில் வருகிறார்கள், பெயரில்லாமல். பெயர் சொல்லாமை ஓரிடத்தில் நயமாகவும் இன்னோரிடத்தில் ஏற்றத்தாழ்வாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் நாம் ஒரே பாராட்டைச் சொல்லிவிட முடியாது.

தாயாரின் புகைப்படம் என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, வாக்காளர் அட்டையில். கட்டைவிரல் நகத்தளவு. நண்பர் அதைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். கறுப்பும் வெளுப்புமான புள்ளிகளே இருந்தன. அதன்பின் மூன்று நாள் மாலையில் பாடகி வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்தார். புருவம் இவ்வளவு அடர்த்தி இல்லை. முன்பல் சற்று எடுப்பு. கன்னத்தில் குழி சிரித்தால்தான் விழும், சும்மா இருக்கும்போது இல்லை. இத்தனைக்கும் நாங்கள் அங்கே இல்லை, நண்பர் சொல்லிக் கேட்டதுதான்.

அவர் கண்ட வழி இது. குனிந்து நடுகிறவளின் முகம் தண்ணீரைப் பார்த்திருக்கிறது. ஆகவே நான்காம் கண்ணியில் வயல் நீரில் முகம் தெரிகிறது. ஐந்து விநாடி, நாற்பது படம். பிறகு கை வந்து அந்த முகத்தின் மேலேயே நாற்றை ஊன்றுகிறது. ஒவ்வொரு குத்துக்கும் முகம் கொஞ்சம் அழிகிறது. ஆனால் தாள் ஒன்றே ஆனதால், அழித்த கரி முழுவதும் போவதில்லை. அக்காட்சி முடியும்வரை பச்சை நாற்றுகளுக்கு அடியில் ஒரு நிழல் கிடக்கிறது. தெரிந்து பார்த்தால் முகம், தெரியாதவருக்குச் சேறு.

பார்த்துவிட்டுப் பாடகி நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. 'மூக்குத்தி மறுபக்கம் அண்ணாச்சி' என்றார் கடைசியில். தண்ணீரில் தெரிவது இடவலம் மாறித்தான் தெரியும் என்று நண்பர் விளக்கினார். 'தெரியும். மாறாம வைங்க' என்றார் அவர். கரித்தாளில் பின்னோக்கிப் போக வழியில்லை. ஒரு மூக்குத்திக்காக அந்தக் காட்சியைப் புதிய தாளில் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. பதினான்கு விநாடி, 112 படங்கள், ஐந்து மாலைகள். நண்பர் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை.

எங்களில் ஒருவருக்கு இன்னும் முழு உடன்பாடில்லை. அந்த ஐந்து விநாடியில் பாட்டு தன்னைக் கேட்கிறவனை விட்டு விலகி ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறது என்பது அவர் கருத்து. முகத்தின்மேல் நாற்று நடுவது அழகு மிகுந்து துயரத்தை மறைக்கிறது என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் முகம் இல்லாத முந்தைய வடிவை இப்போது போட்டுப் பார்த்தால், எங்கள் ஐவருக்கும் அதில் ஏதோ குறைகிறது.

படத்தின் முடிவில் பெயர்கள் வருகின்றன. பாட்டு யாருடையது என்னும் கேள்வி இத்தகைய முயற்சிகளில் வழுக்கலானது. நினா பேலி 1920களின் பாடகி ஆனட் ஹான்ஷாவின் பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு 'சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்' என்ற முழுநீள அசைவூட்டப்படத்தை ஏறத்தாழத் தனியொருவராகச் செய்து 2008இல் வெளியிட்டபோது, ஒலிப்பதிவுகளுக்கு இல்லாத உரிமைச் சிக்கல் பாடல்களின் இயற்றுரிமையில் கிளம்பி, பல்லாயிரம் டாலர் செலவில் கொண்டுபோய் விட்டது. நம் நடவுப் பாட்டுகளுக்கு அந்தச் சிக்கல் வராது. உரிமை கேட்க யாரையும் நாம் விட்டுவைக்கவில்லை. நாட்டார் மெட்டு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதே வழக்கம். நண்பரும் அப்படித்தான் எழுதியிருந்தார். பாடகி அதை அடிக்கச் சொல்லி, மெட்டு என்று போட்டுத் தம் தாயின் பெயரை எழுதவைத்தார். அப்பெயரை இங்கும் எழுதலாமா என்று கேட்டோம். வேண்டாம், அது படத்தில் இருக்கட்டும், பார்க்கிறவர்கள் கடைசிவரை இருந்து படித்துக்கொள்ளட்டும் என்றார்.

பாட்டுக்காக வரைந்த தாள்கள் மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றும் தன் காட்சியின் கடைசி நொடியில் நின்றுபோனது. அதற்கு முந்திய நூற்றுக்கணக்கான நிலைகள் அதற்குள் அழிந்து கிடக்கின்றன. பதினெட்டுத் தாள்கள் நண்பரின் பரணில் இருக்கின்றன. முகம் அழிந்த தாளைப் பாடகி வாங்கிச் சென்றார். கரி உதிரும், கண்ணாடி போட்டு மாட்டுங்கள் என்று நண்பர் சொல்லியனுப்பினார். தை பிறந்து நாங்கள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அது சுவரில் வெறும் தாளாகவே இருந்தது. கண்ணாடி போட்டால் தொட முடியாதாம்.